உழுத நிலமும் உழாத நிலமும்: ஊவா மண்ணின் சரித்திரம்

உழவு என்ற சொல்லைத் தமிழர் வெறுந் தொழிற்பெயராகக் கொண்டதில்லை. உழுதலே வேளாண்மை என்றும், உழுபவனே உலகத்தாருக்கு அச்சாணி என்றும் நம் முன்னோர் கருதினர். வள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதால் ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்றார். அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்ற பழமொழியை அறியாத உழவர் வீடு இல்லை. இந்த மரபிலே வளர்ந்த ஒருவரிடம், “நிலத்தை உழாதே, உழாமல் விதைத்தால்தான் மண் பிழைக்கும்” என்று சொன்னால், சொன்னவரை ஏற இறங்கப் பார்ப்பாரேயன்றி நம்பமாட்டார்.

ஆயினும் இன்று உலகத்து வேளாண்மை அறிஞருள் ஒரு பெரும் பகுதியினர் இதைத்தான் சொல்லுகின்றனர். உழுது விதைப்பதா, உழாமல் விதைப்பதா என்ற வினா ஆராய்ச்சி நிலையங்களுக்கு மட்டுமே உரியது போலத் தோன்றும். ஆனால் பதுளையைச் சூழ்ந்த மலைகளில் நின்று, அந்த மண்ணின் கடந்த இருநூறு ஆண்டுச் சரித்திரத்தைப் பார்ப்போமாயின், அது நில உரிமை பற்றிய வினாவாகவும், உழைப்பு யாருடையது, பழி யாருடையது என்ற வினாவாகவும் விரியக் காண்போம்.

முதலில் இரு முறைகளையும் விளங்கிக்கொள்வோம். இறுங்கை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டார் சோளம் என்று சொல்லும் வெண்ணிறத் தானியத்தை ஈழத்துத் தமிழர் இறுங்கு என்பர். ஈழத்தில் சோளம் என்றால் அது மக்காச்சோளத்தையே குறிக்கும். சிங்களத்திலும் இறுங்கு ‘இரிங்கு’தான், மக்காச்சோளம் ‘பட இரிங்கு’. ஒரே மலைச்சரிவிலே விளைந்த தானியத்துக்கு இரு மொழிக்காரரும் ஒரே சொல்லை வைத்திருப்பது, இவ்விரு மக்களின் அடுப்பும் வயிறும் எவ்வளவு அருகில் இருந்தன என்பதற்குச் சான்று.

வழக்கமான முறையில், மழைக்கு முன்னரோ முதல் மழையோடோ நிலத்தை இருமுறை மும்முறை உழுது, கட்டி உடைத்து, களையைப் புரட்டி மூடி, பொடியாக்கிய மண்ணிலே இறுங்கை விதைப்பர். இதனால் களை சாகிறது. இறுகிய மேற்பரப்பு உடைந்து முதல் மழை உள்ளே இறங்குகிறது. இளவேர் எளிதாக ஓடுகிறது. ஆனால் உழுத மண்ணுக்குப் போர்வை இல்லை. ஐப்பசியிலே இடியோடு கொட்டும் மழையின் ஒவ்வொரு துளியும் வெற்று மண்ணைச் சம்மட்டிபோல் அறைகிறது. மண்ணின் திரளைகள் சிதறுகின்றன. சிதறிய நுண்மண் துளைகளை அடைத்துக்கொள்ள, நீர் உள்ளே செல்ல வழியின்றி மேலே ஓடுகிறது. ஓடும்போது மண்ணையும் கூட்டிச் செல்கிறது. அன்றியும், புரட்டப்பட்ட மண்ணில் காற்றுப் புகுந்து, அதிலுள்ள உக்கல் விரைந்து எரிந்துபோகிறது.

உழா முறையில், சென்ற பயிரின் தட்டையும் சருகும் நிலத்தின்மேல் கிடக்கவே, குச்சியாலோ சிறு கருவியாலோ குழியிட்டு விதை ஊன்றுவர். மழைத்துளியின் அடியைச் சருகு தாங்குகிறது. மண்புழுவும் பழைய வேர்களும் விட்ட துளைகள் வழியே நீர் இறங்குகிறது. ஈரம் நெடுநாள் நிற்கிறது. ஆனால் களையை யார் அழிப்பது? இறுங்கின் வேரைப் பற்றி உறிஞ்சும் சுடுமல்லி போன்ற ஒட்டுண்ணிக்கு என்ன செய்வது? மாட்டுக்கு வேண்டிய தட்டையை நிலத்திலே விட்டுவிட்டால் மாடு எதைத் தின்னும்? இவை அந்த முறை எதிர்நோக்கும் கேள்விகள். ஆக, இரு முறைக்கும் நன்மையும் உண்டு, விலையும் உண்டு. அந்த விலையை யார் செலுத்துகிறார் என்பதே சரித்திரம்.

ஊவாவின் பழங்குடி உழவர் இக்கேள்விகளுக்குத் தமக்கே உரிய விடையொன்றை வைத்திருந்தனர். அதற்குப் பெயர் சேனை. பள்ளத்தாக்கிலும் படிக்கட்டு வயலிலும் எருமை கட்டி உழுது நெல் விளைத்த அதே குடும்பம், மேட்டு நிலத்திலே காட்டின் ஒரு துண்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பல் படிந்த மண்ணை உழாமல், மேலாகக் கீறிக் குரக்கனும் தினையும் இறுங்கும் எள்ளும் பயறும் கலந்து விதைத்தது. மரங்களின் அடிக்கட்டைகள் நிலத்திலேயே நின்றன. அவற்றின் வேர்கள் சரிவைப் பிடித்துக்கொண்டன. ஓரிரு போகம் கண்டபின் நிலத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறிடம் சென்றனர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே மீண்டும் அங்கு கத்தி வைத்தனர். களையைக் கொன்றது நெருப்பும் நிழலும், உரமிட்டது காலம்.

தமிழருக்கும் இது புதிதன்று. குறிஞ்சி நிலத்துப் புனம் என்பது இதுவே. பன்றி கிளறிய மண்ணிலே குறவர் உழாது தினை விதைத்த செய்தி புறநானூற்றில் உண்டு. உழவைப் பாடிய அதே மொழி உழாமையையும் அறிந்திருந்தது. மருதத்துக்கு ஏர், குறிஞ்சிக்குப் புனம். நிலத்துக்கேற்ற தொழில் என்ற அறிவை நம் முன்னோர் திணைப் பாகுபாட்டிலேயே பொதிந்து வைத்தனர். ஏரைக் காட்டிலும் எரு நன்று என்று வள்ளுவரே அடுத்த குறளிற் கூறுவதையும் மறத்தலாகாது.

இந்தச் சேனை நிலத்தை ஊவாவின் குடியானவர் எவ்வாறு இழந்தனர்? 1817-ல் வெல்லஸ்ஸவில் மூண்டு 1818-ல் அடக்கப்பட்ட கிளர்ச்சியை நாம் பாடநூல்களில் படிக்கிறோம். கெப்பெட்டிப்பொலவின் வீரத்தை மாணவர் அறிவர். ஆனால் அந்தப் போரிலே பிரித்தானியப் படை வீடுகளையும் தானியத்தையும் எரித்து, கால்நடைகளை அழித்து, ஊவாவின் வேளாண்மையையே முறித்துப்போட்டது என்பதை அதே அழுத்தத்தோடு நாம் கற்பிப்பதில்லை. இலட்சம் வயல்களின் நாடு என்று பொருள்படும் வெல்லஸ்ஸ, அதன்பின் நெடுங்காலம் தலை நிமிரவில்லை. வயலும் எருமையும் போனபோது, குடியானவரின் உயிரைப் பிடித்து வைத்தது சேனையே.

அடுத்த அடி சட்டத்தின் வடிவில் வந்தது. 1840-ம் ஆண்டின் 12-ம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுப்புச் சான்று இல்லாதவிடத்து முடிக்குரியவை என்று அனுமானித்தது. பல ஆண்டு இடைவெளி விட்டே பயிரிடக்கூடிய சேனை நிலங்களும் இதற்குள் அடங்கின. கண்டிப் பகுதிகளில் சன்னசு என்னும் அரச சாசனமோ, வரி செலுத்திய சான்றோ காட்டினாலன்றிச் சேனைக்காரனுக்கு உரிமை இல்லை. இச்சட்டத்தின் கூர்மையைக் கவனிக்க வேண்டும். உழாமல் ஓய்வுக்கு விட்ட நிலம், சட்டத்தின் கண்ணில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் ஆயிற்று. ஓய்வே அந்த வேளாண்மையின் உயிர். அந்த உயிரையே உரிமையின்மைக்குச் சான்றாக்கினர். ஓய்வு கொடுத்தவன் நிலத்தை இழந்தான்.

அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட மலைகள் கோப்பித் துரைமார் கைக்கு மாறின. சேனைக்காரனைச் சோம்பேறி என்றும் காட்டை அழிப்பவன் என்றும் அதிகாரிகள் ஏசிய அதே பத்தாண்டுகளில், கோப்பிக்காகக் காடுகள் மலைமலையாக வெட்டி எரிக்கப்பட்டன. வேறுபாடு ஒன்றுதான்: சேனைக்காரன் ஒரு துண்டை வெட்டிப் பின் காட்டிடமே ஒப்படைத்தான், தோட்டக்காரன் முழு மலையையும் வெட்டி, ஒரு புல்லும் முளைக்க விடாமல் வைத்திருந்தான். ‘சுத்தமான தோட்டம்’ என்பதே நல்ல தோட்டத்தின் இலக்கணமாயிற்று. புல் பூண்டு அனைத்தையும் மாதந்தோறும் சுரண்டி எடுப்பது தோட்ட வேலையின் நிரந்தரப் பகுதியாயிற்று.

இந்த வேலையைச் செய்தவர் யார்? திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த ஏழை உழவரும் நிலமற்ற கூலிகளுமே. சோளமும் கம்பும் கேழ்வரகும் விளையும் புன்செய் மண்ணை அறிந்தவர் அவர். எந்த மழைக்கு எந்த உழவு, எந்த மண்ணுக்கு எந்த விதை என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றவர். மலைநாட்டிலே அவர் கையில் கொடுக்கப்பட்டது ஏர் அன்று, சுரண்டி. மண்ணைப் பற்றி அவருக்கிருந்த அறிவை யாரும் கேட்கவில்லை. பெரட்டுக் களத்தில் பேர் பதிந்தபின், துரை சொன்ன மலையில், கங்காணி காட்டிய நிரையில், நாள் முழுதும் மண்ணின் தோலை உரிப்பதே அவர் வேலையாயிற்று. இவ்வாறு நிலத்தை அறிந்த ஒரு மக்கட் கூட்டம், தன் கையாலேயே, தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை அழிக்கும்படி வைக்கப்பட்டது.

அதன் விளைவு முதலில் நோயாக வெளிப்பட்டது. 1869-ம் ஆண்டு, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைத் தோட்டமொன்றிலேதான் கோப்பி இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1878 அளவில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் பரந்திருந்த கோப்பி, அடுத்த பத்து ஆண்டுகளிலேயே சரிந்து வீழ்ந்தது. 1880 முதல் 1882 வரை இந்நோயை ஆராய்ந்த ஹரி மார்ஷல் வார்ட், காற்றிலே பறக்கும் நோய் வித்துகளுக்கு, இடையில் தடையே இன்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டதே விருந்தாயிற்று என்று விளக்கினார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஆனால் சுரண்டி போகவில்லை. கோப்பிக்காலத்து மண்ணறிவு அப்படியே தேயிலைக்கும் சுவீகரிக்கப்பட்டது. 1924-ல் புகையிரதம் பதுளையை எட்டிய காலத்தில், ஊவாவின் தேயிலை உலகச் சந்தையிலே தன் மணத்தால் பெயர் பெற்றிருந்தது. ஆடி ஆவணியில் வீசும் வறண்ட கச்சான் காற்று தந்த மணம் அது. அதே மலைகளில் ஐப்பசி கார்த்திகை மழை வந்தபோது ஆறுகள் செந்நிறமாக ஓடியதைச் சந்தை அறியாது.

ஓடிய மண்ணின் அளவு என்ன? 1931-ல் வெளியான மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை இதனை ஒரு தேசியப் பிரச்சினையாக முதன்முதல் அரசின் முன் வைத்தது. பிற்காலத்து அளவீடுகள் நிலைமையை எண்களில் காட்டின. 1980-களில் மண் காப்பு ஆய்வாளர் கிருஷ்ணராஜா தொகுத்த கணக்கின்படி, காப்பு முறை எதுவுமற்ற பழைய விதைத் தேயிலை நிலத்தில் ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 40 தொன் மண் அரிக்கப்படுகிறது. அதே தேயிலைக்கு மூடாக்கு இட்டால் அந்த இழப்பு 0.07 தொன்னுக்கு இறங்குகிறது. ஐந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது! நாற்பது தொன் என்பதை மாணவர் மனத்தில் பதியச் சொல்வதாயின், ஆண்டுக்கு மூன்று மில்லிமீற்றர் மண் எனலாம். கண்ணுக்குத் தெரியாத கனம். ஆனால் நூறாண்டுக்கு அது முப்பது சதம மீற்றர், அதாவது ஏறத்தாழ ஓர் அடி. மலைநாட்டுத் தேயிலை நிலங்கள் ஒரு நூற்றாண்டில் இழந்த மேல்மண் ஏறத்தாழ இவ்வளவே என்று மண்ணியலார் மதிப்பிட்டிருப்பது இக்கணக்கோடு ஒத்துப்போகிறது. ஓர் அடி மேல்மண் உருவாக இயற்கைக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும்.

இதே தொகுப்பில் நம் இறுங்கும் வருகிறது. உலர் வலயத்துச் செங்கபில மண்ணில், இறுங்கும் துவரையும் கலந்து பயிரிட்ட நிலத்தில் ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 21.3 தொன் மண் அரிக்கப்பட்டது. மூடாக்கு இட்டபோது அது 3.9 தொன் ஆயிற்று. பயிர் ஒன்று, மழை ஒன்று, மண் ஒன்று. மேலே ஒரு போர்வை இருந்ததனால் இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழ் இறங்கியது.

உலகின் பிற பாகங்களிலும் இதே பாடம் கடும் விலை கொடுத்தே கற்கப்பட்டது. அமெரிக்காவின் பெருஞ் சமவெளிகளில் புல்வெளியை உழுது கோதுமை விதைத்த மண், 1930-களில் வறட்சி வந்ததும் புழுதிப் புயலாக எழுந்தது. 1935-ல் அந்நாட்டு அரசு மண் காப்புச் சட்டம் இயற்றியது. 1943-ல் எட்வர்ட் ஃபோக்னர் என்பவர் கலப்பையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஒரு நூல் எழுதினார். ஆனால் களையை அழிக்க வழி கிடைக்கும்வரை அது பேச்சாகவே இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் பரகுவாட் என்ற களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. 1962-ல் கென்டக்கி மாநிலத்து உழவர் ஹரி யங் உழாமல் பயிர் செய்து காட்டினார். 1970-களில் நைஜீரியாவின் இபாதான் ஆராய்ச்சி நிலையத்தில் இரத்தன் லால் என்ற இந்திய மண்ணியலார், வெப்ப மண்டலச் சரிவுகளில் உழா முறை மண்ணரிப்பைப் பெருமளவு தடுப்பதை அளந்து நிறுவினார்.

எனின், உழாமையே தீர்வு என்று முடித்துவிடலாமா? அவ்வாறு முடிப்பது அவசரம். ஐதராபாத்துக்கு அருகே பட்டஞ்சேருவில் 1972-ல் நிறுவப்பட்ட அரைவறள் வெப்ப மண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையம், சோளத்தைத் தன் முதன்மைப் பயிர்களுள் ஒன்றாகக் கொண்டது. அங்குச் செம்மண்ணில் நடந்த நெடுநாள் ஆய்வுகள் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டின. மூடாக்கு இல்லாமல் வெறுமனே உழாது விட்ட நிலத்தில், உழுத நிலத்தைவிட அதிக நீர் வழிந்தோடியது. அந்த மண் மழைக்குப் பின் ஓடுபோல் இறுகும் இயல்புடையது. உழவு அந்த ஓட்டைச் சிறிது காலத்துக்காவது உடைக்கிறது. வைக்கோலால் மூடிய நிலத்திலோ வழிந்தோட்டம் பெரிதும் குறைந்தது. 2015-ல் வெளியான ஓர் உலகளாவிய தொகுப்பாய்வு, 63 நாடுகளில் 48 பயிர்களில் நடந்த 610 ஆய்வுகளை ஒப்பிட்டு, உழாமை ஒட்டுமொத்தத்தில் விளைச்சலைச் சராசரியாக நூற்றுக்கு 5.7 குறைக்கிறது என்றும், மானாவாரியான வறண்ட நிலங்களில் பயிர் எச்சத்தை நிலத்திலே விட்டு, பயிர்ச் சுழற்சியும் சேர்த்துச் செய்யும்போது நூற்றுக்கு 7.3 கூட்டுகிறது என்றும் கண்டது.

இவற்றை ஒருங்கே நோக்கும்போது புலப்படுவது ஒன்று: மண்ணைக் காப்பது உழாமை அன்று, மூடாக்கே. கலப்பையை நிறுத்திவிட்டு நிலத்தை அம்மணமாக விட்டால் அதனால் பயனில்லை. சேனை மண்ணைக் காத்ததும், அது கலப்பையைத் தவிர்த்ததனால் மட்டுமன்று; வேரும் சருகும் மீண்டு வளரும் காடும் அதற்குப் போர்வையாக இருந்ததனாலேயே. கோப்பித் தோட்டத்திலும் ஏர் ஓடவில்லை என்பதை நினைவிற் கொள்க. ஒருநாளும் உழப்படாத நிலம் அது. ஆயினும் சுரண்டி அதன் போர்வையை உரித்தது, மண் போயிற்று. ஏர் ஓடாத தோட்டமே ஏர் ஓடிய வயலைக் காட்டிலும் அதிக மண்ணை இழந்தது என்பதை விளங்கிக்கொண்டால், ‘உழவா, உழாமையா’ என்ற வாதத்தின் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

தேயிலை ஆராய்ச்சியும் இதைத் தன் வழியில் ஒப்புக்கொண்டது. தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன் ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணுக்கு உயிர் ஊட்டும்படி அது பரிந்துரைத்தது. கவ்வாத்து வெட்டிய கிளைகளை நிலத்திலேயே விடும்படி சொன்னது. தொழிலாளர் ‘முள்ளுக் குத்துதல்’ என்னும் வேலையில், முள்ளை ஆழக் குத்தி, மண்ணைப் புரட்டாமல் சற்றே நெம்பி விடுவதும் நீரை உள்ளிறக்கும் உபாயமே. நெடுக்காக ஓடும் கான்களை மட்டக்கோட்டிலே வெட்டுவதும் அத்தகையதே. ஓய்வும் போர்வையும் மண்ணுக்கு வேண்டும் என்று சேனைக்காரன் அறிந்ததை, விஞ்ஞானம் நூறாண்டு கழித்து வேறு பெயரிட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் நிலமும் உரிமையும் சேனைக்காரனிடம் திரும்பவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். “சேனையைப் போற்றுகிறீர்களே, இன்று சேனையே அல்லவா காட்டை அழிக்கிறது?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. சேனை நல்லதாயிருந்தது நீண்ட ஓய்வு இருந்தவரை. 1948-ல் ஜோக்கிம், கந்தையா ஆகிய இரு மண்ணியலார் சேனைச் செய்கைக்குப் பின்னும் காடு மீளும்போதும் மண் அடையும் மாற்றங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். அத்தகைய ஆய்வுகள் காட்டுவது மீட்சிக்குக் காலம் வேண்டும் என்பதையே. தோட்டங்கள் காட்டைச் சூழ்ந்து அடைத்து, சனத்தொகையும் பெருகி, பதினைந்து ஆண்டு ஓய்வு ஐந்தாகி, மூன்றாகி, இறுதியில் இல்லாமலே போயிற்று. ஓய்வற்ற சேனை சேனையன்று. அது வெற்றுச் சரிவில் செய்யும் சூதாட்டம். ஆகவே பழைய சேனைக்குத் திரும்புக என்று நாம் சொல்லவில்லை. அது இன்று இயலாது. சேனைக்காரனின் அறியாமையால் மண் போயிற்று என்ற பழியை மாத்திரம் ஏற்க மறுக்கிறோம். ஓய்வைப் பறித்தவர் எவரோ, அவரே அந்தப் பழிக்கு உரியவர்.

இன்று ஊவாவில் சேனையின் இடத்தைப் பெரும்பாலும் சோளம் பிடித்துக்கொண்டது. மகியங்கனைப் பக்கத்திலும் மொனராகலை மாவட்டத்திலும் கோழித் தீவனத்துக்கென அது பெருமளவில் விளைகிறது. வெலிமடைப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் சரிவுகளை ஓயாது கொத்துகின்றன. அங்கிருந்து இறங்கும் உமா ஓயா சுமந்து வரும் வண்டல், 1990-ல் இயங்கத் தொடங்கிய இரந்தம்பை நீர்த்தேக்கத்தை விரைந்து தூர்த்தது. உழாமல் விதைக்க விரும்பும் உழவருக்குக் களைக்கொல்லியே கலப்பையாயிற்று. அந்தக் கலப்பையின் விலையும் சிறிதன்று. பரகுவாட்டைக் குடித்து நம் கிராமங்களிலும் தோட்டங்களிலும் மாண்டவர் பலர். 2008 தொடங்கி 2011-க்குள் அது படிப்படியாகத் தடை செய்யப்பட்டதும் நஞ்சருந்தி இறப்போர் தொகை குறைந்ததும் மருத்துவ உலகம் பதிந்த உண்மைகள். 2015-ல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. 2018-ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அது தளர்த்தப்பட்டு, 2022-ல் முற்றாக நீக்கப்பட்டது. இடையே 2021-ல் இரசாயன உர இறக்குமதிக்கும் திடீர்த் தடை வந்து, சில மாதங்களில் கைவிடப்பட்டது. ஒரு கையெழுத்தால் நிறுத்துவதும் மறு கையெழுத்தால் அனுமதிப்பதும் மண் கொள்கை ஆகாது. களைக்கொல்லியை நிறுத்துவோர், அதற்கீடாக மூடாக்குக்கும் ஊடுபயிருக்கும் கூலிக்கும் வழி செய்தனரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. மருந்து தெளிப்பவரின் நுரையீரலா, உழவரின் விளைச்சலா, மலையின் மண்ணா என்று மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, இலாபம் காண்போர் ஒதுங்கி நிற்கின்றனர்.

இவ்வினாவின் வேரிலே நிற்பது நில உரிமை. மூடாக்கிடுபவன் இன்றைய உழைப்பை ஐந்தாண்டு கழித்து வரும் பயனுக்காகச் செலவிடுகிறான். மரவேலி நடுபவன் பத்தாண்டை எண்ணுகிறான். அந்த நிலம் அடுத்த ஆண்டும் தன்னுடையதாக இருக்கும் என்ற உறுதி இல்லாதவன் எதற்காக இவற்றைச் செய்ய வேண்டும்? 1951-ம் ஆண்டைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1947-ம் ஆண்டு வெள்ளப் பெருக்கின் அதிர்ச்சி ஆறாத நிலையில், மண் காப்புச் சட்டம் அவ்வாண்டுதான் நிறைவேறியது. கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் அவ்வாண்டுதான் வெளிவந்தது. மத்திய, ஊவா மாகாணங்களின் கிராமத்து மக்கள் நிலமற்று நலிந்ததை அது எடுத்துரைத்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1948-ன் பிரசாவுரிமைச் சட்டம், மலைச்சரிவின் மறுபக்கத்தில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியிருந்தது. மண்ணுக்கு ஒரு சட்டம், கிராமத்தானுக்கு ஓர் அறிக்கை, தொழிலாளிக்கு ஒரு தள்ளுபடி. மூவரும் ஒரே மலையின் பிள்ளைகள் என்பதை எந்த ஏடும் சேர்த்துச் சொல்லவில்லை. நிலம் பறிபோன சிங்களக் குடியானவனும், நிலமே கொடுக்கப்படாத தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் பகைவராகக் காணும்படி வைக்கப்பட்டனர்.

1972, 1975-ம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-ல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. துரை மாறினார், லயம் மாறவில்லை. பிரசாவுரிமை பல போராட்டங்களின் பின் கிடைத்தது; காணி கிடைக்கவில்லை. பிற்காலத்து வீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணி பேசப்பட்டது. அதில் ஒரு வீடு நிற்கும். ஒரு குடும்பத்தின் இறுங்கு விளையாது.

2014 அக்டோபர் 29-ம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று ஆய்வாளர் முன்னரே எச்சரித்திருந்தனர். 2025 நவம்பரில் வந்த டிட்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் பெருஞ் சரிவுகளைக் கண்டது. இப்பெருஞ் சரிவுகளுக்குச் சுரண்டி ஒன்றே காரணம் என்று சொல்வது அறிவியலாகாது. சரிவின் கோணம், அடியிலுள்ள பாறை, நாட்கணக்கில் பெய்த மழை, பராமரிப்பற்ற கான்கள் எனப் பல காரணங்கள் சேர்ந்தே மலை விழுகிறது. ஆனால் ஆபத்தான சரிவிலே யாருடைய வீடு இருக்கிறது, பாதுகாப்பான நிலத்துக்குப் போகும் உரிமை யாருக்கு இல்லை என்ற வினாவுக்கு அறிவியல் விடை தேவையில்லை. அது சரித்திரம் தந்த விடை.

ஆசிரியரும் மாணவரும் இவ்விடயத்தில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மலைநாட்டின் பெரும்பாலான பாடசாலைகள் சரிவிலேதான் நிற்கின்றன. பாடசாலைத் தோட்டத்தில் ஒரே சரிவில் மூன்று சிறு பாத்திகள் அமைக்கலாம். ஒன்றைக் கொத்திப் பொடியாக்கி இறுங்கு விதைக்கலாம். இன்னொன்றைக் கொத்தாமலும் மூடாமலும் விதைக்கலாம். மூன்றாவதைக் கொத்தாமல், சருகால் மூடி விதைக்கலாம். ஒவ்வொரு பாத்தியின் அடியிலும் ஒரு வாளி புதைத்து, ஐப்பசி மழைக்குப் பின் மூன்று வாளிகளின் நீரையும் அளந்து, தெளியவிட்டு, அடியில் தங்கிய மண்ணை உலர்த்தி நிறுத்துப் பார்க்கலாம். விளைந்த கதிரையும் நிறுக்கலாம். ஒரு தராசும் மூன்று வாளியும் போதும், பெருஞ் செலவில்லை. எந்த வாளியில் மண் அதிகம் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறியட்டும். பின்னர் வரலாற்றுப் பாடவேளையில் 1840-ம் ஆண்டின் சட்டத்தை அவர்கள் முன் வைத்து, “நிலத்துக்கு ஓய்வு கொடுத்தவன் உரிமையை ஏன் இழந்தான்?” என்று கேட்கலாம். விஞ்ஞானமும் சரித்திரமும் ஒரே வகுப்பறையில் சந்திக்கும் நாள் அதுவாகும்.

தம் பாட்டனும் பாட்டியும் சுரண்டி பிடித்த மலையின் மண்ணைத் தம் கையால் நிறுத்துப் பார்க்கும் தலைமுறை, அந்த மண்ணில் தனக்கு என்ன உரிமை என்றும் கேட்கத் தொடங்கும். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் அதே மழையில் அதே மண்ணை இழப்பவர்கள்தாம். அவர்களும் தம் வாளியோடு வந்து சேர்ந்தால் கேள்வி இன்னும் உரக்கக் கேட்கும். ஊவாவின் மலைகளுக்குப் போர்வை வேண்டும். அந்தப் போர்வையை நெய்யும் கைகளுக்கு நிலம் வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெற முடியாது என்பதே இந்த மண் இருநூறு ஆண்டுகளாக நமக்குச் சொல்லிவருவது.